ராணியை எழுப்பும் கைகள்

1855-ல் கட்டப்பட்ட ‘ஃபேரி குவீன்’ என்ஜினை மறுபடி ஓட வைக்க முடியும் என்று பெரம்பூர் காட்டியது. தொடர்ந்து ஓட வைப்பதுதான் கடினம் என்பதை ரேவாரி ஷெட் நினைவூட்டுகிறது.

டெல்லியிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கி.மீ. தூரத்தில் ஹரியானாவின் ரேவாரி சந்திப்பு. ஒரு காலத்தில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். டெல்லியையும் ரேவாரியையும் 1873-ல் இணைத்த தண்டவாளம், நாட்டின் முதல் மீட்டர்கேஜ் பாதைகளில் ஒன்று. அந்தப் பாதை இப்போது இல்லை. அகலப் பாதை வந்தது, அதற்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பியும் வந்தது. இந்த வட்டாரத்து சரக்கு ரயில் பாதையில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கன்டெய்னர்களை அடுக்கிய ஒன்றரை கி.மீ. நீள ரயிலை மின்சார என்ஜின் இழுத்துச் சென்றது 2021 ஜனவரியில்.

இத்தனை மின்சாரத்துக்கும் பக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கரியும் எண்ணெயும் மணக்கும் ஒரு ஷெட் இருக்கிறது. 1893-ல் கட்டப்பட்டது. மீட்டர்கேஜ் நாட்களில் நீராவி என்ஜின்கள் இங்கே வந்துதான் நெருப்பைக் கழித்துச் சாம்பல் கொட்டி, தண்ணீர் குடித்து, மறுநாள் பயணத்துக்குத் தயாராகும். நீராவியின் காலம் முடிந்ததும் ஷெட் கேட்பாரற்றுப் போனது. 2002-ல் தொடங்கிய சீரமைப்புக்குப் பிறகு, 2010-ல் நீராவி என்ஜின் பாரம்பரிய அருங்காட்சியகமாக மறுவாழ்வு பெற்றது.

அருங்காட்சியகம் என்ற சொல் இங்கே சற்றுப் பொருந்தாது. மற்ற இடங்களில் ‘தொடாதே’ என்று பலகை வைப்பார்கள். இங்கே தொடாமல் விட்டால் துரு பிடித்துவிடும். ரேவாரியின் பெருமை, என்ஜின்களை நிறுத்தி வைத்திருப்பதில் இல்லை. ஓடும் நிலையில் வைத்திருக்க முயல்வதில் இருக்கிறது. துப்பாக்கித் தோட்டா போல முகம் குவிந்த டபிள்யூ.பி. வகை என்ஜின் ‘அக்பர்’ (எண் 7161) 1965-ல் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் பிறந்தது. இந்திப் படங்களில் பழைய ரயில் வர வேண்டுமென்றால் பெரும்பாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அதே வகையில் மூத்தது, 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி அனுப்பிய 7200. ‘ஷேர்-இ-பஞ்சாப்’ என்ற டபிள்யூ.எல். 15005-க்கு ஒரு சோகப் பெருமை உண்டு. 1995 டிசம்பர் 6-ம் தேதி ஜலந்தருக்கும் ஃபெரோஸ்பூருக்கும் இடையே, அகலப் பாதையின் கடைசி வழக்கமான நீராவி ரயிலை இழுத்தது அதுதான்.

ஆனால் இந்தக் குடும்பத்தின் ராணி வேறு. உருவத்தில் சிறியவர், வயதில் எல்லோருக்கும் கொள்ளுப்பாட்டி. பெயர் ஃபேரி குவீன்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் கம்பெனி 1855-ல் கட்டிய என்ஜின் இது. அதே ஆண்டில் கல்கத்தாவில் இறங்கியபோது அதற்குப் பெயர்கூட இல்லை. கிழக்கிந்திய ரயில்வேயின் 22-ம் எண், அவ்வளவுதான். ‘ஃபேரி குவீன்’ என்ற பெயர் 40 ஆண்டுகள் கழித்து வந்தது. எடை 26 டன், சக்தி 130 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 40 கி.மீ. இன்றைய மின்சார என்ஜின்களின் சக்தி ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் என்பதை நினைத்துப் பார்த்தால் இது பொம்மை. முன்னும் பின்னும் சின்னச் சக்கரங்கள். நடுவே ஆளுயரத்துக்கு, சுமார் 6 அடி விட்டத்தில், ஒரே ஒரு ஜோடி உந்து சக்கரம். தண்ணீருக்குத் தனி வண்டி கிடையாது. என்ஜினின் அடிவயிற்றில் தொங்கும் தொட்டியில் 3,000 லிட்டர் பிடிக்கும்.

இந்தச் சின்ன உடம்போடு அது ஹவுராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே தபால் ரயில்களை இழுத்தது. 1857 கிளர்ச்சியின்போது சிப்பாய்களை ஏற்றிச் சென்றது. பிறகு பீகாரில் பாதை போடும் வேலைக்கு அனுப்பப்பட்டு 1909-ல் ஓய்வு பெற்றது. ஹவுரா ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு மேடையில் 34 ஆண்டுகள் நின்றது. 1943-ல் உத்தரப்பிரதேசத்தின் சந்தவுசியில் உள்ள ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குக் காட்சிப் பொருளாகப் போனது. 1972-ல் அரசு அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டெல்லி சாணக்யபுரியில் 1977-ல் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது அங்கே அதற்கு மரியாதையான இடம் கிடைத்தது. இத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 1990-களின் மத்தியில், நாடு முழுக்க நீராவி என்ஜின்கள் பழைய இரும்பாக ஏலம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், இருப்பதிலேயே பழைய என்ஜினை ஓட வைக்கலாமே என்ற யோசனை எழுந்தது. அதைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டவர்களில் முக்கியமானவர், அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த அஸ்வனி லோஹானி. பின்னாளில் ரயில்வே வாரியத்தின் தலைவர் பதவிக்கே வந்தவர். என்ஜினை எழுப்பும் வேலை சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்கு வந்தது.

பொருத்தமான தேர்வுதான். மதராஸ் ரயில்வே பெரம்பூரில் பட்டறை தொடங்கியது 1856-ல். ஃபேரி குவீனைவிட ஒரே ஒரு வயது இளைய பட்டறை. ஆனால் மின்சார என்ஜின்களைப் பழுது பார்க்கப் பழகிவிட்ட இடத்துக்கு 19-ம் நூற்றாண்டின் பாய்லர் வந்து சேர்ந்தால், அங்கே கம்ப்யூட்டரும் மீட்டரும் உதவாது. சுத்தியலும் காதும்தான் உதவும்.

பழைய நீராவி என்ஜினை எழுப்பும் வேலை உலகில் எங்கே நடந்தாலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் பாய்லர். என்ஜினின் உயிரும் அங்கேதான், எமனும் அங்கேதான். வெளியே பளபளவென்று பச்சை பெயின்ட் இருக்கும். உள்ளே தகடு அரித்து மெலிந்திருக்கும். பாய்லருக்குள் நெருப்புப் பெட்டியைத் தாங்கிப் பிடிக்க நூற்றுக்கணக்கான தாங்கு ஆணிகள் உண்டு. அனுபவசாலி ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டுவார். முழுசாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே உடைந்திருந்தால் மந்தமாக, உடைந்த பானையைத் தட்டியது போலக் கேட்கும். அந்த வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது.

நெருப்பின் சூடு செல்லும் குழாய்களை உருவி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். குழாயின் வாயை அதற்கென்றே உள்ள கருவியால் உட்புறமிருந்து விரித்து, தகட்டோடு நீர் கசியாதபடி இறுக்க வேண்டும். குறைவாக விரித்தால் ஒழுகும். அதிகம் விரித்தால் தகடு விரிசல் விடும். எவ்வளவு போதும் என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும்.

பிறகு சோதனை. பாய்லரில் தண்ணீரை முழுக்க நிரப்பி, அது வேலை செய்யும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக அழுத்திப் பார்ப்பார்கள். இதை நீராவியால் செய்வதில்லை. தண்ணீர் சுருங்குவதில்லை, எங்காவது பிளந்தால் பீய்ச்சி அடித்துவிட்டு அழுத்தம் உடனே இறங்கிவிடும். நீராவியோ விரியும். பிளந்தால் வெடிகுண்டுதான். தண்ணீரில் தேறிய பாய்லரில்தான் நெருப்பு மூட்ட அனுமதி.

அடுத்தது ஓடும் பாகங்கள். அச்சுகள் சுழலும் இடத்தில் தேய்ந்துபோன வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்ற வேண்டும். ஆறியதும் அச்சுக்குப் பொருந்தும்வரை கையால் சுரண்ட வேண்டும். பிஸ்டனுக்கு நீராவியை எந்தக் கணத்தில் விடுவது, எந்தக் கணத்தில் வெளியேற்றுவது என்று வால்வைச் சரிசெய்ய வேண்டும். இது கொஞ்சம் பிசகினாலும் என்ஜின் நொண்டும். சீரான ‘சுக்... சுக்...’ ஒலியில் ஒரு ‘சுக்’ மட்டும் பலவீனமாகக் கேட்டால், தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்கும் பழைய ஃபிட்டர் எந்தப் பக்கத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார்.

இத்தனைக்கும் கடையில் போய் வாங்க உதிரிப்பாகம் கிடையாது. லீட்ஸ் கம்பெனி என்றோ மூடப்பட்டது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 2,351 நீராவி என்ஜின்கள் கட்டிவிட்டு 1970-களின் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டது. தேய்ந்த பாகத்தையே மாதிரியாக வைத்து, மரத்தில் அச்சுருவம் செய்து, வார்த்து, கடைந்து எடுக்க வேண்டியதுதான்.

பெரம்பூர் இதையெல்லாம் தாண்டியது. 1909-ல் அணைந்த நெருப்பு மறுபடி எரிந்தது. 88 ஆண்டுகளுக்குப் பின், 1997-ல், ஃபேரி குவீன் பிரதான பாதையில் ஓடியது. டெல்லி கன்டோன்மென்டிலிருந்து ராஜஸ்தானின் ஆல்வாருக்குச் சுற்றுலாப் பயணிகளை இழுத்துச் சென்றது. எக்ஸ்பிரஸ்கள் சர்வ சாதாரணமாகக் கடக்கும் அந்தத் தூரத்துக்குச் சுமார் 6 மணி நேரம் எடுத்துக்கொண்டது. யாரும் குறை சொல்லவில்லை. மெதுவாகப் போவதற்குத்தானே பணம் கட்டினார்கள்! 1998-ல், வழக்கமாக இயங்கும் உலகின் மிகப் பழைய நீராவி என்ஜின் என்று கின்னஸ் புத்தகம் அங்கீகரித்தது. 1999-ல் தேசியச் சுற்றுலா விருது. கொடுத்தவர் பிரதமர் வாஜ்பாய்.

இங்கே நிறுத்தினால் இது வெற்றிக் கதை. ஆனால் வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் நிஜமான பிரச்சினை தொடங்குகிறது.

நீராவி என்ஜின் கார் அல்ல, சாவியைத் திருப்பினால் கிளம்ப. ஆறிக் கிடக்கும் பாய்லரை முந்தைய நாளே சூடாக்கத் தொடங்க வேண்டும். எண்ணெயில் தோய்த்த கழிவுப் பஞ்சு, விறகு, அதற்கு மேல் மெல்ல மெல்ல நிலக்கரி. அவசரப்பட்டால் ஒரு தகடு முன்னதாக விரியும், இன்னொன்று பின்தங்கும்; மூட்டுகள் கசியும். நெருப்பு பிடித்த பிறகு தண்ணீர் மட்டத்தின் மீது ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் தண்ணீர் இல்லாமல் போனால் தகடு பழுத்து இளகிவிடும். அதற்குத்தான் கூரையில் ஈயம் நிரப்பிய ஒரு திருகு இருக்கிறது. தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். அந்த நிலைமைக்கு விடுகிற ஃபயர்மேனுக்குப் பழைய ஷெட்களில் மன்னிப்பு கிடையாது.

தண்ணீரும் சும்மா விடாது. வட இந்தியச் சமவெளியின் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். வீட்டுப் பாத்திரத்தில் படிவது போலவே பாய்லருக்குள்ளும் வெள்ளைப் படிவு ஏறும். படிவு ஏறிய குழாய் சூட்டைக் கடத்தாமல் தானே பழுத்துக் கெடும். ஆகவே குறித்த காலத்துக்கு ஒருமுறை பாய்லரைத் திறந்து கழுவ வேண்டும். ஓடினாலும் செலவு, ஓடாவிட்டால் இன்னும் செலவு. ஈரத்தோடு சும்மா நிற்கும் பாய்லரைப் போல வேகமாக அரிப்பது வேறொன்றுமில்லை.

ஃபேரி குவீன் விஷயத்தில் இரும்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2011-ல் அதன் பல பாகங்கள் களவு போயிருந்தன. பித்தளையும் செம்பும் எடைக்குப் போட்டால் காசு. அவை 1855-ஐச் சேர்ந்தவை என்பது திருடனுக்குப் பொருட்டல்ல. கின்னஸ் புகழ் பெற்ற ராணி மறுபடி பெரம்பூருக்கே வர வேண்டியிருந்தது. காணாமல்போன பாகங்கள் புதிதாகச் செய்யப்பட்டு 2012 டிசம்பரில் என்ஜின் மீண்டும் ஓடியது. அப்புறம் மறுபடியும் மௌனம். அடுத்து பயணிகளோடு டெல்லியிலிருந்து ரேவாரிக்கு வந்தது 2017 பிப்ரவரியில். ஒவ்வொரு முறையும் கொடியசைப்பு, கேமராக்கள், ‘மறுபிறவி’ என்று தலைப்புச் செய்தி. இத்தனை மறுபிறவி எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், நடுவில் அத்தனை முறை சாக விட்டிருக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

இன்னொரு கேள்வியும் உண்டு. குழாய் புதிது, தாங்கு ஆணி புதிது, திருடுபோன பாகங்களுக்குப் பதிலாக வந்தவையும் புதிது. இப்படி மாற்றிக்கொண்டே போனால், 1855-ல் பிறந்தது என்று எதைச் சொல்வது? பழமையைப் பாதுகாக்க வேண்டுமென்றால் ஓட்டாமல் கண்ணாடிக்குள் வைப்பதே சரி என்று வாதிடுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பயணமும் பழைய உலோகத்தில் கொஞ்சத்தைத் தின்னத்தான் செய்கிறது.

ஆனால் ஓடிய காலத்திலேயே என்ஜின்கள் இப்படித்தான் இருந்தன. குழாய் மாற்றாத, சக்கரப் பட்டை மாற்றாத என்ஜின் எந்த ஷெட்டிலும் இருந்ததில்லை. தேய்வதும் மாற்றுவதும் அதன் வாழ்க்கையின் பகுதி. கண்ணாடிக்குள் வைத்தால் இரும்பைக் காப்பாற்றலாம். நெருப்பு மூட்டும் கலையை, தட்டிப் பார்க்கும் காதை, கண்ணாடிக்குள் வைக்க முடியாது. அது கையிலிருந்து கைக்குத்தான் போக முடியும். அதற்கு ஓடும் என்ஜின் வேண்டும்.

2010-ல் பெரம்பூரில் இது நிரூபணமானது. ஃபேரி குவீனுடன் அதே ஆண்டில், அதே லீட்ஸ் பட்டறையில் பிறந்த சகோதரி உண்டு: கிழக்கிந்திய ரயில்வேயின் 21-ம் எண், ‘எக்ஸ்பிரஸ்’. அதுவும் 1909-ல்தான் ஓய்வு பெற்றது. நூறாண்டு காலம் காட்சிப் பொருளாக நின்ற அந்த என்ஜினும் பெரம்பூருக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் புகை விட்டபடி ஓடியது. முதல் சகோதரியை எழுப்பிய அனுபவம் பெரம்பூர் பட்டறையில் இருந்ததுதான் இரண்டாவதற்கும் கை கொடுத்தது.

இன்னும் பலமான சாட்சி மலைகளில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் ரயிலைத் தள்ளுவது இன்றும் நீராவி என்ஜின்தான். இந்தப் பாதைக்கான எக்ஸ் வகை என்ஜின்கள் முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அவை வயதாகித் தளர்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பட்டறை 2011 முதல் அதே வகையில் புத்தம்புது நீராவி என்ஜின்களைக் கட்டத் தொடங்கியது; 2022-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் வெளியே கொண்டுவந்தது. உலகம் மறந்துபோன ஒரு கலை பொன்மலையில் எப்படி உயிரோடு இருந்தது? ரகசியம் எதுவுமில்லை. ஊட்டி ரயிலுக்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. காலையில் வண்டி கிளம்பியாக வேண்டும். அதனால் யாராவது நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்டாக வேண்டும், யாராவது குழாய் மாற்றக் கற்றுக்கொண்டாக வேண்டும். டார்ஜிலிங்கிலும் இதே கதைதான்.

ரேவாரிக்கு இல்லாதது அந்த அட்டவணைதான். இங்கே என்ஜின்களுக்கு வேலை வருவது சுற்றுலா சீசனில், விழா நாளில், சினிமாக்காரர்கள் வரும்போது. அறிவிப்பு வந்தால் பயணம். வராவிட்டால் துடைத்து வைத்துக் காத்திருப்பு. விழாவுக்கு விழா மூட்டப்படும் நெருப்பில் ஒரு பயிற்சிப் பையன் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும்?

கணக்கு எளிது. அகலப் பாதையின் கடைசி நீராவி ரயில் 1995-ல் ஓடியபோது அதில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேனுக்கு 20 வயது என்று வைத்துக்கொண்டால், அவர் 2035-ல் ஓய்வு பெறுவார். அன்றாட வேலையாக அகலப் பாதை நீராவி என்ஜினை ஓட்டிய அனுபவம் அந்த வருடத்தோடு ரயில்வேயின் ஊழியர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஃபேரி குவீன் அப்போதும் இருக்கும், 180 வயதாகியிருக்கும்.

ராணியை வாரம் தவறாமல் ஓட்ட வேண்டியதில்லை. அந்த வயதில் அவருக்கு ஓய்வும் தேவை, பூட்டிய கதவும் தேவை. ஆனால் அக்பர் போன்ற இளைய என்ஜின்கள் இருக்கின்றன. அவற்றின் வகையில் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டதால் தேய்ந்தாலும் வரலாற்றுக்குப் பெரிய இழப்பில்லை. மாதத்தில் சில நாட்களாவது, குறித்த நேரத்தில், பயணிகளோடு அவை டெல்லிக்கும் ரேவாரிக்கும் இடையே ஓடினால், பழையவர்கள் இருக்கும்போதே புதியவர்களின் கைகள் பழகிவிடும். விருதுக்கும் கொடியசைப்புக்கும் ஆகும் கவனத்தில் ஒரு பங்கு போதும்.

பாய்லர் தகடு அரித்துப்போனால் இன்னொன்று அடித்துவிடலாம். பெரம்பூர் அதைச் செய்து காட்டியிருக்கிறது. சுத்தியல் சத்தத்தில் கோளாறைக் கேட்கும் காதுக்கு மரத்தில் அச்சுருவம் செய்ய முடியாது.